திரும்பும் வழி

திறந்த கடலில் தானியங்கி நீர்மூழ்கிக்குக் கோளாறு வந்தால் பெரிதாகப் பதற வேண்டியதில்லை. எடையை உதறிவிட்டு மேலே மிதந்து வரும். படகில் போய் எடுத்துக்கொள்ளலாம். துருவக் கடலில் அந்த வித்தையே வினையாகிவிடும். மிதந்த கருவி பனியின் அடிவயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால், எங்கள் குழுவுக்குப் புதிதாக யார் வந்தாலும் திரும்பும் வழியைத்தான் முதலில் எழுதச் சொல்வேன்.

ஜிபிஎஸ் தண்ணீருக்குள் எட்டாது. கடல்தரையும் எட்டாத ஆழம் என்றால், வேகம் அளக்கும் சோனாரை மேல்நோக்கித் திருப்பிப் பனியைப் பார்க்க வைப்போம். ஆனால் கடற்பனி சும்மா இருப்பதில்லை, நகரும், சுழலும். கருவியை இறக்க நாம் வெட்டிய துளையும் அதோடு போகும். காலையில் குறித்த அட்சரேகை, தீர்க்கரேகையை நம்பி மாலையில் கருவி வந்தால் அங்கே துளை இருக்காது. துளைக்குள் ஓர் ஒலிக்குறிகாட்டியைத் தொங்கவிடுவது இதற்காகத்தான்.

குளிரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீர் எங்களுக்கு நண்பன், மைனஸ் 1.9 டிகிரிக்குக் கீழே அநேகமாகப் போகாது. படுத்துவது காற்று. மைனஸ் இருபதில் கருவியை வெளியே தூக்கினால், துடைப்பதற்குள் புரொப்பெல்லர் உறைந்துவிடும். உப்பளவு காட்டும் கருவியின் கண்ணாடிக் குழாயில் தங்கிய நீர் உறைந்து குழாயையே உடைக்கலாம். துளைக்கு மேல் கூடாரமும் ஹீட்டரும் சொகுசுக்கு அல்ல. நீர் புகாமல் அடைக்கும் ஓ-ரிங்குக்குக் கிரீஸ் தடவும்போது மட்டும் கையுறையைக் கழற்றியே ஆக வேண்டும். ரிங்கில் ஒட்டிய ஒற்றை முடி வழியாகக் கூடக் கடல் உள்ளே வந்துவிடும். அந்த முடியை வெறும் விரல்தான் கண்டுபிடிக்கும்.

கருவிக்குக் கேபிள் கட்டுவதா, அவிழ்த்துவிடுவதா? இந்த வாதம் எங்களுக்குள் ஓயாது. 2020 ஜனவரியில் அண்டார்டிகாவின் த்வைட்ஸ் பனியாற்றில் வெந்நீரால் சுமார் 600 மீட்டர் துளையிட்டு ஐஸ்ஃபின் என்ற கேபிள் கட்டிய கருவியை இறக்கினார்கள். நீளம் மூன்றரை மீட்டர், விட்டம் ஒரு சாண்தான். துளையின் அகலம் கருவியின் உருவத்தைத் தீர்மானித்துவிட்டது. சமதளமான பனியடி மெதுவாகவும், வெடிப்புகளும் படிக்கட்டுச் சரிவுகளும் வேகமாகவும் கரைவதை அது காட்டியது. கேபிள் இருந்ததால் பத்திரமாகத் திரும்பியது. கேபிளின் நீளமே அதன் எல்லையும்.

ஸ்வீடனின் ரான் என்ற தானியங்கி நீர்மூழ்கி கேபிள் இல்லாமல் போனது. 2022இல் அண்டார்டிகாவின் டாட்சன் பனித்தட்டுக்கு அடியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கண்ணீர்த்துளி வடிவப் பள்ளங்களைப் படமெடுத்து வந்தது. 2024 ஜனவரியில் மறுபடி உள்ளே போனது, வரவில்லை. நான் கேபிள் கட்சிதான். ஆனாலும் அந்தப் பள்ளங்களைக் கேபிள் கட்டிய எந்தக் கருவியும் பார்த்திருக்காது என்று எதிர்க்கட்சி சொல்லும்போது மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை.