ரீஸும் மேட்டுத் தெருக்கள்

விமானத்திலிருந்து எடுத்த படத்தில் ரீஸும் கிராமம் தோசைக்கல்லில் கரண்டியால் வளைத்து இழுத்த மாவு போலத் தெரியும். நடுவில் தேவாலயம். அதைச் சுற்றி ஒரு வட்டத் தெரு, அதற்கு வெளியே இன்னொன்று, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறங்கும் சந்துகள். எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஏறினால் தேவாலயம், இறங்கினால் வயல். வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஊர். ஏற்றம் என்றால் மொத்தமே சில மீட்டர்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது ஏற்றம்தான். ஊர்கள் நிற்கும் மேடுகளையும் கடலணையையும் விட்டால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தரை ஒரே மட்டம்.

ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது ரீஸும். ஆற்றுக்கு அக்கரை நெதர்லாந்து. கிழக்கு ஃப்ரீஸ்லாந்து என்று சொல்லப்படும் பகுதியில், க்ரும்ஹோர்ன் என்ற தீபகற்பத்தின் கிராமங்களில் இதுவும் ஒன்று. சுமார் எழுநூறு பேர். பக்கத்து நகரம் எம்டன். ஆமாம், அதே எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன கப்பலுக்கு இந்த நகரத்தின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

காற்றாலை வேலையாக நான் எம்டனுக்குப் போனேன். நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் ரீஸுமில் ஒரு விவசாயக் குடும்பத்து வீட்டின் மாடி அறைக்குக் குடிவந்தேன். வேலை நடந்த இடத்துக்கும் ஊரின் பெயர்தான், ரீஸுமர் நாக்கன். எம்ஸ் ஆற்றில் கப்பல் போவதற்காகத் தூர்வாரிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய நிலம் அது. அன்றைக்கு உலகிலேயே மிகப் பெரியது என்று பேசப்பட்ட காற்றாலை 2007-ல் அங்கேதான் எழுந்தது. மாடி ஜன்னலில் நின்றால் ஒரு பக்கம் அந்த ராட்சதம், மறுபக்கம் ஊரின் பழைய மாவு மில்லின் மரச் சிறகுகள். காற்று இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த ஊர்க் காற்றைப் பற்றி ஒரு சொல்: அது நிற்பதே இல்லை.

ஊர் நிற்கும் மேடு இயற்கையாக வந்ததல்ல. கடலணைகள் வருவதற்கு முன்னால், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அந்தச் சேற்று நிலத்தில் குடியேறியவர்கள் களிமண்ணையும் மாட்டுச் சாணத்தையும் வீட்டுக் குப்பையையும் கொட்டி மேடு கட்டினார்கள். கடல் ஏற ஏற மேட்டையும் உயர்த்தினார்கள். முதலில் வீட்டுக்கு ஒரு மேடு, பிறகு மேடுகள் சேர்ந்து ஊருக்கு ஒரு மேடு. ரோமானிய எழுத்தாளர் பிளினி இந்தக் கடற்கரையை நேரில் பார்த்திருக்கிறார். எம்ஸுக்கும் எல்பே ஆற்றுக்கும் இடையே வாழ்ந்த மக்களைப் பற்றி அவர் எழுதியதில் பாதி வியப்பு, பாதி இரக்கம். ஒரு நாளைக்கு இருமுறை கடல் வந்து மூடுகிறது, அப்போது இவர்கள் கப்பலில் இருப்பவர்கள் போலாகிவிடுகிறார்கள், சேற்றைக் கையால் அள்ளிக் காற்றில் உலர்த்தி எரிக்கிறார்கள், மழைநீரைக் குழியில் சேர்த்துக் குடிக்கிறார்கள் என்கிறார். இந்த நிலையில் இருப்பவர்கள் ரோமுக்கு அடங்கி வாழ்வதை அடிமைத்தனம் என்கிறார்களே என்பதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. சாணத்தையும் களிமண்ணையும் சுமந்து தன் தரையைத் தானே உண்டாக்கியவன் அதை எவனுக்காவது கொடுப்பானா? பின்னாளில் நிலப்பிரபுக்களின் கைக்குள் அடங்காமல் பல நூற்றாண்டுகள் 'ஃப்ரீஸியச் சுதந்திரம்' என்று மார்தட்டியவர்களும் இவர்களின் மண்ணில் வந்தவர்கள்தான்.

கி.பி. ஆயிரத்தை ஒட்டி அணைகள் வரத் தொடங்கின. மேட்டின் மேல் தப்பிப் பிழைப்பது போய், கடலையே வெளியே நிறுத்தும் காலம் வந்தது. அணையை ஒட்டி நிலம் வைத்திருப்பவன் தன் பங்கு அணையைத் தானே பராமரிக்க வேண்டும். முடியாதவன் தன் மண்வெட்டியை அணையில் குத்தி நிறுத்திவிட்டு, நிலத்தையும் விட்டுவிட்டு வெளியேற வேண்டும். அந்த மண்வெட்டியை யார் பிடுங்குகிறாரோ அவருக்கு நிலமும் சொந்தம், அணையின் பொறுப்பும் சொந்தம். மண்வெட்டிச் சட்டம் என்றே அதற்குப் பெயர். கொடுமையான சட்டம்தான். ஒரு இடத்தில் அணை உடைந்தால் ஊர்கள் பல போய்விடும் என்பதும் உண்மை. 1717 கிறிஸ்துமஸ் இரவில் உடைந்தபோது நெதர்லாந்திலிருந்து டென்மார்க் வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

நான் குடியிருந்த வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓமா, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். காலையில் வானொலியில் செய்தி கேட்கிறாரோ இல்லையோ, காற்றின் திசையையும் கடல் மட்டத்தையும் கேட்டுவிடுவார். "வடமேற்கு. துணியைக் கொடியில போடாதே, காலையில எம்டன்ல போய் எடுக்கணும்" என்பார். வடமேற்குக் காற்று அங்கே விளையாட்டுக்குச் சொல்லும் விஷயமல்ல. அது கடல்நீரை எம்ஸின் முகத்துவாரத்துக்குள் தள்ளி, இறங்க வேண்டிய நீரை இறங்கவிடாமல் பிடித்து வைக்கும். 1962 பிப்ரவரிப் புயலைப் பற்றிக் கேட்டால், அன்று இரவு யாரும் படுக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்தப் புயலில் ஹாம்பர்க் நகரத்தில் மட்டும் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

கடல் ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே பெய்யும் மழையை என்ன செய்வது? அங்கு போவதற்கு முன்பு இதை நான் யோசித்ததே இல்லை. அணை கடலை வெளியே நிறுத்தும்போது மழையை உள்ளே பிடித்து வைக்கிறது. ஆகவே வயலுக்கு வயல் வாய்க்கால். சின்ன வாய்க்கால் பெரிய வாய்க்காலில் சேர்ந்து, பெரியது கடலணையின் மதகுக்கு வந்து சேரும். கடல் வற்றும் நேரத்தில் மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக ஓடும். வற்றாத நாட்களில் பம்புகள்தான் கதி. ரீஸுமுக்குப் பக்கத்தில் க்னோக் என்ற முனையில் அப்படி ஒரு பெரிய பம்ப் நிலையம் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நீரை வடிக்க வடிக்கக் களிமண் இறுகுகிறது, அடியில் உள்ள மட்கு காற்றுப் பட்டுக் கரைகிறது, நிலம் கீழே போகிறது. கீழே போனால் இன்னும் ஆழத்திலிருந்து நீரை இறைக்க வேண்டும். சில கிலோமீட்டர் தள்ளி ஃப்ரீப்ஸும் என்ற ஊரருகே, ஏரியை வற்றவைத்த இடத்தில், தரை கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது. மாடு மேய்கிறது. எம்டனுக்கு வடக்கே ஸூர்ஹூஸன் தேவாலயக் கோபுரத்தின் கதையும் இதுதான். ஓக் மரக்கட்டைகளை அஸ்திவாரமாகப் போட்டுச் சேற்றில் எழுப்பிய கோபுரம். நிலத்தடி நீர் இருந்த வரை கட்டைகள் கெடாமல் இருந்தன. நீரை வடித்ததும் உளுத்தன, கோபுரம் சாய்ந்தது. சாய்வு 5.19 பாகை. பைசா கோபுரமே நான்கு பாகைக்குள்தான். கின்னஸில் இடம்பிடித்து, பின்னாளில் தெற்கே வேறொரு கோபுரத்திடம் அந்தப் பட்டத்தைத் தோற்றது.

ரீஸும் தேவாலயம் நேராகவே நிற்கிறது. சீர்திருத்தச் சபைக்காரர்களின் கோயில், உள்ளே அலங்காரம் மிகக் குறைவு. ஆனால் உள்ளே ஓர் ஆர்கன் இருக்கிறது. 1457-ஐ ஒட்டி, அக்கரையில் உள்ள க்ரோனிங்கன் நகரத்து ஹர்மான்னுஸ் என்ற கைவினைஞர் செய்தது. ஒரே விசைப்பலகை, ஏழு குழல்தொகுதிகள். இன்றும் வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கும் உலகின் மிகப் பழைய ஆர்கன்களில் ஒன்று. எக்கெரிக் பெனிங்கா என்பவர் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய ஃப்ரீஸிய வரலாற்றில் இதைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. ஆர்கனுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ரீஸும்காரர்களிடம் இருந்தது மாடு. கொழுத்த மாடுகளை எம்ஸைத் தாண்டி அனுப்பிவைக்க அனுமதி வேண்டும் என்று ஓல்டே இமெல் என்ற தலைவரிடம் கேட்டார்களாம். கடல் கொண்டுவந்து போட்ட வண்டல், அதில் முளைத்த புல், அதைத் தின்ற மாடு, மாட்டுக்கு ஈடாக வந்த குழல்கள்.

நான் அதைக் கேட்டது ஒரு ஞாயிறு மாலை, குளிர்காலம். பெரிய நகரத்துத் தேவாலயங்களில் ஆர்கன் இடி போல இறங்கும். இது அப்படியில்லை. ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உரக்கப் பேசுவது போல, கொஞ்சம் கரகரப்போடு, நெருங்கி வந்து ஒலித்தது. 1960 வாக்கில் லேயர் நகரத்து ஆரண்ட், ப்ருன்ஸெமா இருவரும் அதைச் செப்பனிட்டார்கள். பின்னால் உலகெங்கும் பெயர் பெற்ற பட்டறை அவர்களுடையது. வெளியூர் இசைக்காரர்கள் தேடி வந்து வாசிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதற்காக அலட்டிக்கொள்வதில்லை. ஓமாவிடம் நான் உருகிச் சொன்னபோது, "நல்ல மாடுகள்தான் போயிருக்கும்" என்றார்.

வாசிப்பு முடிந்தால் தேநீர். அங்கே எது முடிந்தாலும் தேநீர்தான். மெல்லிய பீங்கான் கோப்பையில் முதலில் பெரிய கற்கண்டுக் கட்டி. கொதிக்கும் டிகாஷனை ஊற்றியதும் கற்கண்டு படபடவென்று வெடிக்கும். பிறகு பாலாடையைக் கரண்டியால் ஓரமாக விட்டால் வெள்ளை மேகமாக மேலே எழும். கலக்கக் கூடாது. முதலில் பாலாடை, நடுவில் கசப்பு, அடியில் இனிப்பு. மூன்று கோப்பை குடித்தே ஆக வேண்டும். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும். வைக்க மறந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 லிட்டர் தேநீர் குடிக்கிற பகுதி அது. அதற்கும் காரணம் தண்ணீர்தான் என்பார்கள். சேற்று நிலத்துக் கிணற்று நீர் பழுப்பு, உவர்ப்பு. கொதிக்க வைத்து இலையைப் போட்டால்தான் தொண்டைக்குள் இறங்கும். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிஷ் கதைதான் வேடிக்கை. 1750-களில் அவர் ஆதரவில் எம்டனிலிருந்து சீனாவுக்குக் கப்பல்கள் போய்த் தேயிலை கொண்டுவந்தன. பிறகு, பணம் வெளிநாட்டுக்குப் போகிறது என்று 1778-ல் அவர் அரசே தேநீரைத் தடுக்கப் பார்த்தது. இந்த மக்கள் கேட்பார்களா? இரண்டே ஆண்டில் அரசு பின்வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டில்கூட இவர்களுக்கு மற்ற ஜெர்மானியரைவிடக் கூடுதல் தேயிலை கொடுக்க வேண்டியிருந்தது. கலவையில் பெரும்பங்கு அஸ்ஸாம் தேயிலை. ஓமா பெட்டியைத் திறந்து, "உன் ஊர்" என்று நீட்டுவார். அஸ்ஸாம் என் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று விளக்கப் பார்த்தேன். அது அவருக்குத் தேவைப்படவில்லை.

சுற்றுலாக்காரர்கள் கோடையில் வருகிறார்கள். மஞ்சளும் சிவப்புமாகப் பட்டை போட்ட பில்ஸும் கலங்கரை விளக்கத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். காம்பனில் உள்ள 65 மீட்டர் இரும்புக் கலங்கரை விளக்கத்தில், ஜெர்மனியிலேயே உயரமானதில், ஏறி இறங்குகிறார்கள். பழைய வீடுகள் பல விடுமுறை வாடகை வீடுகளாகிவிட்டன. தாழ்ஜெர்மன் பேச்சு வயதானவர்களோடு குறைந்துகொண்டு வருகிறது. வேலை எம்டன் கார்த் தொழிற்சாலையில், பிள்ளைகள் இன்னும் தூரத்து நகரங்களில். இதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். இதற்காக மட்டும் நான் ரீஸுமுக்கு இரங்கமாட்டேன். இரண்டாயிரம் ஆண்டு சேற்றோடு மல்லுக்கட்டிய ஊருக்கு இரக்கம் காட்டி நானும் பிளினியாக வேண்டாம்.

நீங்கள் போவதாக இருந்தால் நவம்பரில் போங்கள். மழை விடாது, நாலு மணிக்கே இருட்டும், அணையின் மேல் ஆட்டையும் ஆர்க்டிக்கிலிருந்து வந்த வாத்துக் கூட்டத்தையும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். ஆடு அங்கே அழகுக்காக நிற்கவில்லை. புல்லைக் குட்டையாக மேய்ந்து, குளம்பால் மண்ணை இறுக்கி, அணையைக் காக்கிறது. புயல் பருவத்தையொட்டி அணைச் சங்கத்துக்காரர்கள் வளைகளையும் பிளவுகளையும் தேடி அணையை நடந்தே பார்வையிடுவார்கள். அணைக்குப் பின்னால் நிலமோ வீடோ வைத்திருக்கும் எல்லாரும் சட்டப்படி அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆண்டுதோறும் சந்தா கட்டியாக வேண்டும். ஓமாவும் கட்டினார். அந்த ரசீதை மட்டும் அவர் சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தார்.