செடர்பர்க் மலையின் சிவப்புத் தேநீரும் அதைச் செய்யும் கைகளும்

2021ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் 'ரூயிபோஸ்' என்னும் பெயரைப் பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயர்களின் பதிவேட்டில் சேர்த்தது. ஆப்பிரிக்க உணவுப் பொருள்களில் இப்பதிவைப் பெற்ற முதலாவது இதுவே. ஒரு பொருள் குறிப்பிட்ட நிலப்பகுதியில் விளைந்து, அப்பகுதியின் முறைப்படி அங்கேயே பக்குவம் செய்யப்பட்டால் மட்டுமே அந்தப் பெயரில் விற்கப்படலாம் என்பது இதன் பொருள். தமிழ் வாசகர் நன்கறிந்த புவிசார் குறியீட்டைவிட இது சற்று இறுக்கமான ஏற்பாடு. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப், வடக்குக் கேப் மாகாணங்களில் அடங்கிய ஒரு சிறு மலைநாட்டுக்கு இதனால் பெருமை வந்து சேர்ந்தது. அப்பெருமைக்குக் காரணமான பக்குவமுறை அரிவாள் பிடித்தவர்களும் களத்தில் இலை கிளறியவர்களும் பல தலைமுறைகளாகக் காத்துவந்த அறிவு என்பதையும், அந்த அறிவுக்குக் கிடைத்த கூலி என்ன என்பதையும் பதிவேடு சொல்வதில்லை.

ரூயிபோஸ் என்பது ஆப்பிரிகான்ஸ் மொழியில் சிவப்புப் புதர். தாவரவியலார் இதை அஸ்பலாத்தஸ் லினியாரிஸ் என்று வகைப்படுத்தியுள்ளனர். நாம் நாள்தோறும் பருகும் தேயிலைக்கும் இதற்கும் உறவு எதுவுமில்லை; துவரையும் உளுந்தும் ஆவாரையும் அடங்கிய அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, ஊசிபோல் மெல்லிய இலைகளும் சிறு மஞ்சள் பூக்களும் கொண்ட புதர்ச்செடி இது. தேயிலைச் செடி உண்டாக்கும் காஃபின் இச்செடியில் இயல்பாகவே இல்லை. காஃபின் பிரித்தெடுக்கப்பட்ட தேயிலைத்தூளில் அது சிறிதளவேனும் எஞ்சியிருக்கும். ரூயிபோஸில் எடுப்பதற்கே ஒன்றுமில்லை என்பதால், இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

கேப் டவுனுக்கு வடக்கே இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிளான்வில்லியம் என்னும் சிறு நகரைச் சுற்றிய செடர்பர்க் மலைத்தொடரும், அதற்கு வடக்கே நியூவுட்வில் அருகிலுள்ள பொக்கவெல்ட் மேட்டுநிலமும் இச்செடியின் தாயகம். குளிர்காலத்தில் மட்டுமே மழை பெறும் அந்த மணற்பாங்கான, அமிலத்தன்மை மிகுந்த, சத்துக் குறைந்த மண்ணில் வேறு பயிர் எளிதில் நிற்பதில்லை. ரூயிபோஸ் தன் ஆணிவேரை இரண்டு மீட்டருக்கும் கீழே இறக்கி ஈரத்தைத் தேடுகிறது. அவரைக் குடும்பத்துக்கே உரிய வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை உணவாக்கிக்கொள்கிறது. வேறு நாடுகளில் இதை வணிக அளவில் வளர்க்க எடுத்த முயற்சிகள் பலன் தரவில்லை.

இத்தொழிலின் வரலாற்றில் விதைக்குத் தனி இடம் உண்டு. காய் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒரே விதைதான் இருக்கும். முற்றியவுடன் காய் வெடித்து விதையை மணலில் தெறிக்கவிடும் என்பதால், காத்திருந்து பறிக்க வழியில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளான்வில்லியத்தில் மருத்துவராக இருந்த பீட்டர் லெ ஃபிரா நோர்ட்டியர், ஓலோஃப் பெர்க் என்னும் பண்ணையாளருடன் சேர்ந்து, அதுவரை மலையில் காடாக வளர்ந்ததைப் பயிராக்க முனைந்தபோது, விதை கிடைப்பதே பெருந்தடையாக நின்றது. தீப்பெட்டி நிறைய விதை கொண்டுவருவோருக்கு 5 பவுன் தருவதாக அவர் அறிவித்தார் என்றும், கோய் இனப் பெண் ஒருவர் மற்றவர்களைவிட மிக அதிகமாக விதை கொண்டுவந்தார் என்றும், எறும்புகள் விதையை இழுத்துச் செல்வதைக் கவனித்து, புற்றுவரை பின்தொடர்ந்து, அவை சேர்த்துவைத்த களஞ்சியத்தைத் திறந்ததே அவருடைய உத்தி என்றும் இத்தொழிலின் வரலாறு சொல்லப்படுகிறது. கடினமான மேலுறையைச் சிராய்த்தால் விதை முளைக்கும் என்று கண்டு நோர்ட்டியர் நாற்றங்கால் முறையை வகுத்தார். அவருக்குப் புகழும் பட்டமும் கிடைத்தன, அவை தகுதியானவையே. எறும்பைப் பின்தொடர்ந்த பெண்ணின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அவர் காட்டிய வழி மட்டும் இன்றும் தொடர்கிறது: செடிகளுக்கடியில் கிடக்கும் மணலை அள்ளிச் சலித்து விதையைப் பிரிக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கோடையின் இறுதியில் விதைத்து, மழைக்காலத்தில் நாற்றைப் பிடுங்கி நட்டு, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து முதல் அறுவடை எடுக்கிறார்கள். பயிரிட்ட தோட்டம் ஐந்தாறு ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பிறகு ஓட்ஸ் போன்ற வேறு பயிரிட்டு நிலத்தை ஆறவிட வேண்டும். மலையில் தானாக வளரும் செடிகளில் ஒரு வகை காட்டுத்தீயில் கருகிய பின்னும் அடியிலிருந்து மீண்டும் துளிர்த்துப் பல பத்தாண்டுகள் வாழும். வறட்சியையும் இவ்வகையே நன்றாகத் தாங்குகிறது.

அறுவடை சனவரி முதல் ஏப்ரல் வரையிலான கடுங்கோடையில், வெப்பம் 40 பாகையைத் தொடும் நாள்களிலும் நடக்கிறது. சமநிலத்துப் பெருந்தோட்டங்கள் சிலவற்றில் இயந்திரம் வந்துவிட்டது. சரிவுகளிலும் மலைச்செடிகளிலும் அரிவாளே கருவி. வளைந்த சிறு அரிவாள் ஒன்றை வலக்கையிலும், ஒரு பிடித் தண்டுகளை இடக்கையிலும் பற்றி, நாள் முழுவதும் குனிந்தபடியே நகரும் இவ்வேலையில் உடலின் பாடு இடுப்பிலும் மணிக்கட்டிலும் இறங்குகிறது. வெட்டும் உயரத்தில்தான் இவ்வேலையின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நிலத்திலிருந்து 30 சென்டிமீட்டர் அளவில் வெட்டினால் செடி மறுபடி தழைக்கும். மிகத் தாழ்த்தி வெட்டினால் செடி பட்டுப்போவதோடு, மரமாக முற்றிய தண்டு இலையோடு கலந்து தேநீரின் சுவையையும் கெடுக்கும். மிக உயர்த்தி வெட்டினால் விளைச்சல் குறையும், அடுத்த ஆண்டு செடி ஒல்லியாக ஓங்கிவிடும். ஒவ்வொரு செடியிலும் எது இளந்தண்டு, எது முதிர்தண்டு என்பதைக் கண் முடிவு செய்யும் முன்பே கை முடிவு செய்துவிடுகிறது. மலைச்செடிகளில் இந்தத் தேர்வு இன்னும் கடினம். எந்தச் செடியை இவ்வாண்டு வெட்டுவது, எதை ஓர் ஆண்டு விட்டுவைப்பது என்னும் கணக்கு வெட்டுபவரின் நினைவில்தான் இருக்கிறது. அந்த நினைவு பிசகினால் ஒரு சரிவிலுள்ள செடிகள் முழுவதும் சில ஆண்டுகளில் அழிந்துவிடும். இத்தகைய வேலையைத் 'திறனற்ற கூலிவேலை' என்று வகைப்படுத்தும் பழக்கம் கணக்கேடு எழுதுவோரின் அறியாமையையே காட்டுகிறது.

களையெடுப்பும் அதே கைகளைச் சார்ந்ததே. செனேசியோ என்னும் களைச்செடி வகை பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்னும் வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. இவை அளவு மிஞ்சினால் கல்லீரலுக்குக் கேடு செய்பவை. இக்களை ரூயிபோஸ் கட்டுகளோடு சேர்ந்து வெட்டப்பட்டால் அந்நஞ்சு தேநீருக்குள் வந்துவிடும். மூலிகைத் தேநீர்கள் பலவற்றில் இந்தக் கலப்பு ஐரோப்பிய ஆய்வகங்களில் கண்டறியப்பட்ட பிறகு இறக்குமதி விதிகள் கடுமையாயின. வரிசை வரிசையாக நடந்து களையை வேரோடு பிடுங்குபவரின் கவனமே பருகுபவருக்கு முதல் காப்பு. ஆய்வகம் அதன் பின்னரே வருகிறது.

வெட்டிய கட்டுகள் அன்றே களத்துக்கு வந்து சேர வேண்டும். தேயிலைக் களம் என்பது வெயில் முழுமையாக விழும் திறந்தவெளித் தளம். பழங்காலத்தில் மலைவாழ் மக்கள் தண்டுகளைக் கோடரியால் நறுக்கி, மரச்சம்மட்டியால் இடித்துக் குவித்தார்கள். இன்று வெட்டும் பொறி சில மில்லிமீட்டர் நீளத்துக்குச் சீராக நறுக்கிவிடுகிறது. நறுக்கிய பச்சை இலையை நசுக்கி, நீர் தெளித்து, நீண்ட குவியலாகக் கட்டி இரவு முழுவதும் விடுவதே இத்தொழிலின் இதயமான கட்டம். இதை நொதித்தல் என்று வழங்கினாலும், இங்கே பெரிதும் நிகழ்வது இலையின் சொந்த நொதிகளால் நடக்கும் ஆக்சிஜனேற்றம்; அதாவது, நசுங்கிய திசுக்களிலிருந்து வெளிப்பட்ட பாலிஃபீனால் என்னும் துவர்ப்புச் சேர்மங்கள் காற்றோடு வினைபுரிந்து நிறம் மாறுவது. பச்சை மெல்லப் பழுப்பாகி, பழுப்பு செம்மையாகும்போது புல்வாசம் மறைந்து தேனையொத்த இனிய மணம் எழுகிறது. அந்த மணம் உச்சம் தொடும் வேளையில் குவியலைக் கலைத்துப் பரப்ப வேண்டும். முன்னதாகக் கலைத்தால் சுவை பச்சையாகவே நிற்கும். தாமதித்தால் புளிப்பேறிக் குவியல் முழுவதும் பாழாகும். இரவின் குளிர், இலையின் ஈரம், மறுநாள் வெயிலின் அளவு ஆகிய மூன்றும் நாளுக்கு நாள் மாறுவதால் மணிக்கணக்கு வைத்து இதைத் தீர்மானிக்க முடிவதில்லை. களத்து மூத்த தொழிலாளி விடியற்காலையில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துச் சொல்வதே முடிவு. பின்னர் இலையை மெல்லியதாகப் பரப்பி வெயிலில் உலர்த்துகிறார்கள். சலித்தல், தரம் பிரித்தல், நீராவியால் கிருமி நீக்குதல் ஆகியவை ஆலைகளில் நடைபெறுகின்றன.

உடல்நலம் பற்றிய உரிமைகோரல்களில் உறுதியானதையும் மிகையானதையும் பிரித்தறிய வேண்டும். காஃபின் இல்லாமையால் இரவில் பருகினாலும் தூக்கம் கெடாது என்பதும், டானின் என்னும் துவர்ப்புப் பொருள் குறைவு என்பதும் ஐயமற்றவை. 1979இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வொன்று, இரும்புச்சத்தை நீருடன் உட்கொண்டபோது 9.34 விழுக்காடும், ரூயிபோஸுடன் 7.25 விழுக்காடும், சாதாரணத் தேநீருடன் 1.70 விழுக்காடும் உடலில் சேர்ந்ததாகக் கண்டது. சோகையுள்ளோர் மிகுந்த நம் நாட்டில் இவ்வேறுபாடு கவனிக்கத்தக்கது. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், இதயநோய் வாய்ப்புள்ள 40 பேர் ஆறு வாரங்கள் நாளுக்கு ஆறு கோப்பை பருகியபின் தீய கொழுப்பு குறைந்து நல்ல கொழுப்பு கூடியிருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆயினும் 40 பேரைக் கொண்ட ஆய்வை வைத்து இதை மருந்து என்று விற்பது முறையன்று. அஸ்பலாத்தின் என்னும் அரிய எதிர் ஆக்சிஜனேற்றச் சேர்மம் இச்செடிக்கே உரியது என்று உறைகளில் அச்சிடுகிறார்கள். களத்துக் குவியலில் சிவக்கும்போது அதில் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது என்பதை அவ்வுறைகள் மறைக்கின்றன. குவியலில் வைக்காமல் உடனே உலர்த்தப்படும் பச்சை ரூயிபோஸில் அது மிகுதி. மற்றபடி, மிகுதியாகப் பருகிய ஓரிரு நோயாளிகளுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. தொடர்ந்து மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்பது நல்லது.

தயாரிப்பு எளிது. ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலை; நன்கு கொதித்த நீரை ஊற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் மூடிவைக்க வேண்டும். டானின் குறைவு என்பதால் நேரம் கூடினாலும் கசப்பதில்லை. அதனால்தான் மலைநாட்டு வீடுகளில் கெண்டியை அடுப்போரத்திலேயே நாள் முழுவதும் வைத்துக் காய்ச்சும் பழக்கம் உருவானது. இலையோடு சேர்த்துச் சிறு தீயில் கொதிக்கவிடுவதே முழுச் சுவையைத் தருகிறது. பாலும் சர்க்கரையும் அதனோடு நன்கு பொருந்தும்.

வணிகத்தின் வரலாறு மனத்தை வருத்துவது. 1904இல் பெஞ்சமின் கின்ஸ்பர்க் மலைமக்களிடம் இலையை வாங்கி நகரத்தில் விற்கத் தொடங்கினார். 1954இல் அரசு கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1993இல் அது தனியார் நிறுவனமாயிற்று. 1994இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 'ரூயிபோஸ்' என்னும் பெயரையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள, அதை மீட்க 2005 வரை வழக்காட வேண்டியிருந்தது. செடியை முதலில் அறிந்த கோய், சான் மக்களின் உரிமை நெடுங்கால வற்புறுத்தலுக்குப் பின் 2019 நவம்பரில்தான் ஒப்பந்தமாக ஏற்கப்பட்டது. செயலாக்க நிறுவனங்கள் பண்ணைவாயில் விலையில், அதாவது உலர்ந்த இலைக்கு விவசாயி பெறும் விலையில், 1.5 விழுக்காட்டை அம்மக்களின் அமைப்புகளுக்குச் செலுத்த வேண்டும். 2022இல் முதல் தவணையாக 1.22 கோடி ராண்ட் வழங்கப்பட்டது. பண்ணைவாயிலுக்கும் ஐரோப்பியக் கடையின் அலமாரிக்கும் இடையே விலை பன்மடங்காகிறது. அப்பெருக்கம் முழுவதும் பங்கீட்டுக்கு வெளியே நிற்கிறது. இலையை மொத்தமாக வாங்கி, உறையிட்டு, பெயரொட்டி விற்பவர் எடுக்கும் லாபத்துக்கு வரம்பில்லை; வெட்டுபவரின் கூலிக்கு மட்டும் வரம்பு உண்டு. ஐரோப்பியப் பதிவு கிடைத்த அதே 2021இல்தான் தென்னாப்பிரிக்கப் பண்ணைத் தொழிலாளரின் சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி பிற தொழிலாளருடையதோடு சமமாக்கப்பட்டது. அவ்வாண்டில் அது மணிக்கு 21.69 ராண்டாக இருந்தது. வறட்சி வந்தால் விலை ஏறுகிறது, விளைச்சல் பெருகினால் சரிகிறது. ஏற்றத்தில் வணிகர் முந்துகிறார், சரிவில் வேலைநாள்களை முதலில் இழப்பவர் பருவகாலத் தொழிலாளி.

மாற்று வழிகளும் அம்மலையிலேயே உள்ளன. 1830இல் கிறித்தவ ஊழியர் நிறுவிய வுப்பர்டால் சிற்றூரில் நிலம் மொரேவியன் திருச்சபைக்குரியது. உழுபவருக்குப் பட்டா இல்லாததால் வங்கிக் கடனும் எளிதில் வாய்ப்பதில்லை. 2018 டிசம்பர் 30 அன்று எழுந்த தீயில் அவ்வூரின் வீடுகள் பல அழிந்தன. ஆயினும் அங்குள்ள விவசாயிகள் கூட்டுறவாகவே இலையை விற்க முயல்கிறார்கள். பொக்கவெல்ட் மேட்டில் 2000ஆம் ஆண்டில் தோன்றிய ஹெய்வெல்ட் கூட்டுறவு, நிறவெறி ஆட்சியில் நிலமும் சந்தையும் மறுக்கப்பட்ட சிறு விவசாயிகளுடையது. அவர்கள் தமக்கென ஒரு களம் அமைத்து, இயற்கை வேளாண் சான்றும் நியாய வணிகச் சான்றும் பெற்று, வெளிநாட்டு வாங்குவோரிடம் நேரடியாக விற்கிறார்கள். தமிழ்நாட்டின் பெருநகரக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் இன்று ரூயிபோஸ் கிடைக்கிறது. அதை வாங்குவோர் உறையின் முன்பக்கத்து நலவாசகங்களோடு நின்றுவிடாமல், இலை எந்தக் கூட்டுறவிலிருந்து வந்தது என்று விற்பவரைக் கேட்க வேண்டும். பெயர் சொல்ல இயலாதவரிடம் வாங்காதிருக்க வேண்டும்.