ஆர்தருக்கு என்ன அவசரம்?

வேலன்டைன் என்றதும் ரோஜாப்பூ, வாழ்த்து அட்டை என்று மனசு ஓடினால், ஸாரி. நான் சொல்வது ஒரு சகதிக்காடு. தெருவெல்லாம் சேறு, ஆடு மாடு ஏலம் விடும் பட்டி, இரண்டு சாராயக் கடை, ஒரு துப்பாக்கிக் கடை, ஊர்க்கோடியில் ரயில் நிலையம். வருஷம் 1899. அமெரிக்க மேற்குப் பகுதியைப் பார்த்துச் செய்த கற்பனை பூமி. 2018 அக்டோபரில் ராக்ஸ்டார் கம்பெனி வெளியிட்ட 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வீடியோ கேம் இருந்தால் ராத்திரி ஒன்பதரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குத் திரும்பிவிடலாம். ஆபீசுக்கு லீவு லெட்டர் வேண்டாம்.

நம்ம ஆள் பெயர் ஆர்தர் மார்கன். டச் என்பவர் நடத்தும் கொள்ளைக் கும்பலில் முக்கியப் புள்ளி. ரயில் கொள்ளை, பாங்க் கொள்ளை என்று கதை ஆறு அத்தியாயத்துக்குப் போகிறது. அதற்கு மேல் பின்கதை வேறு. பக்கத்து ஸீட் நண்பர் மூன்றே வாரத்தில் முடித்துவிட்டார். நான் வாங்கி நாலு மாசம். இன்னும் இரண்டாவது அத்தியாயம்தான். "என்ன சார், இன்னும் ஹார்ஸ்ஷூ ஓவர்லுக்லதான் கூடாரமா?" என்று கேன்டீனில் கேலி செய்கிறார்.

ஆமாம் சார், அங்கேதான்! மலை விளிம்பில் கூடாரம். கீழே ஆறு. காலையில் எழுந்தால் நெருப்பில் கரிபிடித்த கெட்டில். ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு மடக்காகக் குடிக்கலாம். அதற்கும் பட்டன் இருக்கிறது. பிறகு குதிரைக்குப் பிரஷ் போட்டு, கேரட் கொடுத்து, கழுத்தில் தட்டிக் கொடுக்க வேண்டும். செய்யச் செய்யத்தான் அது நம்மிடம் ஒட்டும்.

மேப்பில் ஓர் இடத்தைக் குறித்துவிட்டு, காமிராவை சினிமா பாணிக்கு மாற்றினால் குதிரை பாதையைப் பிடித்துத் தானே போகும். புல்வெளியில் காட்டெருமைக் கூட்டம், தூரத்தில் மழை இறங்குவது, எதிரே வருகிற வண்டிக்காரர்... அவருக்கு ஒரு வணக்கம் போட்டால் பதிலும் வரும். அம்மா சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள். "ஏண்டா, குதிரை நடந்துக்கிட்டே இருக்கே, சண்டையே வராதா?"

"வரும்மா. நாமா போனாத்தான்."

வேலன்டைன் ஹோட்டலில் குளியல் 25 சென்ட். வலது கை, இடது கை, கால், தலை என்று ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. தெற்கே போனால் ஸெயின்ட் டெனிஸ், நியூ ஆர்லியன்ஸ் சாயலில் ஒரு பட்டணம். டிராம், மின்விளக்கு, ஆலைப் புகை. அதை ஒட்டிய சதுப்பில் முதலை. இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுவது என்று ஆர்தருக்கே குழப்பம். வழியில் கண்டதையெல்லாம் டைரியில் பென்சிலால் வரைந்து வைக்கிறான். முரட்டு ஆளுக்கு எவ்வளவு நல்ல கை!

கதையை முன்கூட்டித் தெரிந்துகொள்ளப் பிடிக்காதவர்கள் அடுத்த பாராவைத் தாண்டிவிடவும்.

கும்பலில் ஸ்ட்ராஸ் என்று ஓர் ஆசாமி. ஏழைகளுக்குக் கடன் கொடுத்துவிட்டு வசூலுக்கு ஆர்தரை அனுப்புவார். ஒரு வீட்டில் கடன்காரர் நோயாளி. ஆர்தர் அவரை அடிக்க, அவர் இருமுவது இவன் முகத்தில் தெறிக்கிறது. காசநோய். கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்தாயிற்று. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1943-ல். 1899-ல் இது வந்தவனுக்கு மருந்தே இல்லை. நண்பர் இதைச் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டே சொன்னார். எனக்கு சாதம் இறங்கவில்லை.

மேப்பில் ஸ்ட்ராஸின் மஞ்சள் குறி இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை. கதையைத் தொடாதவரை எத்தனை ராத்திரி பகல் வந்து போனாலும் ஆர்தருக்கு இருமல் கிடையாது. தாடி மட்டும் வளர்கிறது. சவரம் செய்து விடுகிறேன். கேமை முடிக்காமல் வைத்திருப்பது காசுக்குக் கேடு என்கிறார் நண்பர். அவர் ஆர்தர் போய்ச் சேர்ந்தாயிற்று, பேசுவார்.

இன்று ராத்திரி வடக்கே அம்பரினோ பனிமலைக்குப் போவதாக உத்தேசம். தடிமனான கோட்டு எடுத்து வைத்தாயிற்று. குதிரைக்குச் சர்க்கரைக் கட்டி மட்டும் வேலன்டைனில் நின்று வாங்க வேண்டும்.