நீச்சல்குளம் ரெடி... சுற்றிலும் என்ன போடலாம்?

பொள்ளாச்சிப் பக்கம் சித்தப்பா வீட்டுத் தோட்டத்தில் நீச்சல்குளம் கட்டியாகிவிட்டது. சுற்றிலும் தரைக்கு என்ன போடுவது என்பதில்தான் பஞ்சாயத்து. ‘பத்திரிகைக்காரிதானே, விசாரிச்சுச் சொல்லு’ என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தங்கைக்கு, ரீல்ஸில் வருகிற மாதிரி மரப்பலகை டெக் வேண்டும். தேக்கு விலையைக் கேட்டதும் சித்தப்பா எழுந்து போய்விட்டார். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி பலகையைக் கரையான் அரிக்காதுதான். ஆனால், சித்திரை வெயிலில் அதன்மேல் வெறுங்காலை வைத்துப் பாருங்கள்! கறுப்புக் கடப்பாக்கல்லும் அப்படியே. ‘மிச்சம் கிடக்கிற பளபள கிரானைட்டை ஒட்டிடலாம்’ என்றார் மேஸ்திரி. ஈரம் பட்டால் கண்ணாடியாக வழுக்கும். அப்பத்தாவுக்குப் போன வருடம்தான் இடுப்பு எலும்பு ஆபரேஷன்.

கிரானைட்டையே தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கித் தருகிறார்கள். அதில் வெளிர் சாம்பல் நிறம் முடிவானது. கறுப்பு அளவுக்குச் சுடாது. குளத்தைச் சுற்றி 4 அடி அகலம். அழுக்குத் தண்ணீர் குளத்துக்குள் திரும்பாமல் வெளிப்பக்கம் வடிய, அடிக்குக் கால் அங்குலம் சரிவு.

அடுத்தது வேலி. வீட்டில் 3 வயது வாண்டு இருக்கிறான். நாலு பக்கமும் 4 அடிக்குக் குறையாத வேலி, தானாக மூடிக்கொள்ளும் கேட், ஏறுவதற்குத் தோதாகப் பக்கத்தில் நாற்காலி, தொட்டி எதுவும் கூடாது என்றேன். ‘ஜெயில் மாதிரி இருக்குமே’ என்றார் சித்தி. வேலி போடாமல் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்று அப்பத்தா சொல்லிவிட்டார்.

நாளைக்கு வெல்டர் அளவெடுக்க வருகிறார்.