பத்தாம் நம்பர் நண்பனும் என் ஒரு வரி புரோகிராமும்

கம்ப்யூட்டர் பிரிவுக்காரன் என்றால் லிஸ்ட் போடும் வேலையெல்லாம் நம் தலையில்தான் விழும். "தம்பி, நாளைக்கு வைவா. பேட்ச் வாரியா, ரோல் நம்பர் வாரியா அடுக்கிக் குடுப்பா" என்றார் சார்.

மூன்று பேட்ச், ஒவ்வொன்றிலும் 1 முதல் 20 வரை ரோல் நம்பர். 'பேட்ச்1-ரோல்10' என்கிற மாதிரி 60 வரிகள். பைத்தானில் 'சார்ட்' என்று ஒரே வரி. பிரிண்ட் எடுத்தேன், படித்துப் பார்க்காமலே போர்டில் ஒட்டினேன், டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் ரோல் 1 உள்ளே போனான். அடுத்துக் கூப்பிட்டது ரோல் 10! அவனோ பஸ்ஸில். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறவன். "பத்தாவது ஆளுதானே மச்சி, மெதுவா வர்றேன்" என்று முந்தின நாளே சொல்லிவிட்டுப் போனவன், லிஸ்டைப் பார்க்கவே இல்லை. விழுந்தது ஆப்சென்ட்.

எனக்கு வியர்த்துவிட்டது. எழுத்துகளாக இருக்கும்போது 10 என்பது பத்து அல்ல. ஒரு '1', பிறகு ஒரு '0'. ஆஸ்கியில் '1'க்கு 49, '2'க்கு 50. முதல் எழுத்திலேயே தீர்ப்பு! அதனால்தான் 1, 10, 11 என்று ஓடி 19க்குப் பிறகு 2 வந்திருக்கிறது.

அவசரத்தில் இரண்டு எண்களையும் ஒட்டி ஒன்றாக்கினேன். பேட்ச்1-ரோல்10 என்பது 110. பேட்ச்2-ரோல்1 என்பது 21. இரண்டாம் பேட்ச் முன்னால் குதித்தது! பிறகுதான் புத்தி வந்தது. ரெகுலர் எக்ஸ்பிரஷனால் எண்களைத் தனித்தனியே பிடுங்கி, ஒவ்வொன்றையும் 'இன்ட்' ஆக்கி, (1, 10) என்று ஜோடியாக 'கீ'யில் கொடுத்தேன். முதலில் பேட்சைப் பார்க்கும். அது சமமானால்தான் ரோல் நம்பரைப் பார்க்கும். எண்கள் மூன்று நான்கு இருந்தாலும் இதே வழிதான். 02 என்று முன்னால் சைபர் போட்டிருந்தாலும் தப்பித்திருப்பேன்.

புது லிஸ்டோடு சாரிடம் ஓடினேன். "சார், தப்பு அவன் மேல இல்ல, என் மேல." ஒரு நிமிடம் முறைத்தார். "கடைசியில வரச் சொல்லு" என்றார்.

வைவா முடித்து வந்த நண்பன் தோளில் தட்டினான். "மச்சி, முதல்ல உன் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுடா!"

இப்போதெல்லாம் பிரிண்ட் கொடுக்கும் முன் 9க்கு அடுத்து 10 இருக்கிறதா என்று பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். லிஸ்டில் ஒரு வரி என்றால் அது ஒரு ஆள்!