ஆலங்காயம் பக்கம் வந்தா என்ன ஆர்டர் பண்றது?

"காவலூர் டெலஸ்கோப் பாக்கப் போறோம், உங்க ஊர்ல என்னப்பா நல்லா இருக்கும்?" ஆபீஸ்ல யாராவது கேட்டுக்கிட்டே இருக்காங்க. நம்ம ஆலங்காயத்துக்கும் இப்படி ஒரு மவுசு :) தனித்தனியா பதில் சொல்லி மாளலை. அதனால மொத்தமா இங்கேயே.

வாணியம்பாடியிலயோ ஆம்பூர்லயோ மதியமே சாப்பிட்டுட்டு மலை ஏறிடுங்க. ராத்திரிக்குத் தள்ளிப் போட்டா அண்டாவோட அடிதான் மிஞ்சும். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ் பக்கம் தலை வைக்காதீங்க. அது உங்க தெருமுனையிலயே கிடைக்கும்.

பிரியாணி வந்ததும் மூணு விஷயம் பாருங்க. அரிசி சின்னச் சின்னதா சீரகச் சம்பாவா இருக்கணும். பாஸ்மதின்னா போர்டுல 'ஆம்பூர்'னு இருந்தாலும் அது வேற ஊர் பிரியாணி. நிறமும் காரமும் காஞ்ச மிளகாயை ஊறவெச்சு அரைச்ச விழுதுல இருந்து வரணும், தூள்ல இருந்து இல்ல. மசாலா வாசனை மூக்கைத் துளைக்காது, கறியோட ருசிதான் முன்னாடி நிக்கும். மூணாவது, தொட்டுக்க தயிர் வெங்காயத்தோட புளி போட்ட கத்திரிக்காய் தரணும். பலபேர் அதை ஓரமா ஒதுக்கிடறாங்க. பாவம்ங்க அது! கறியோட கொழுப்பைச் சமன் பண்றதே அந்தப் புளிப்புதான்.

ஆன்சைட்டுக்கு டெக்சாஸ் போனப்ப ஒரு சின்ன மெக்சிகன் கடைக்குப் போனேன். மெனு அனுமார் வால் மாதிரி நீளம். பக்கத்து டேபிள்ல கட்டட வேலைக்காரங்க சோள ரொட்டியில கறி, வெங்காயம், கொத்தமல்லி மட்டும் வெச்சு சாப்பிட்டாங்க. அதையே கை காட்டினேன். கூட வந்த சட்னி? காஞ்ச மிளகாயை ஊறவெச்சு அரைச்சது! மிளகாயே அந்தப் பக்கத்துல இருந்து வந்ததுதானே. போர்த்துக்கீசியர் கப்பல்ல 16-ஆம் நூற்றாண்டுல இங்க வந்து, கடைசியில ஆம்பூர் அண்டாவுல விழுந்திருக்கு.

அதே வழிதான் இங்கயும். உள்ளூர் ஆளுங்க என்ன சாப்பிடறாங்கன்னு பாருங்க. தோல் ஷாப்புலயும் ஷூ கம்பெனியிலயும் வேலை பாக்கறவங்க நிறைய பேருக்கு மதியச் சாப்பாடு பீஃப் பிரியாணி. மட்டனைவிட விலை கம்மி, ருசியில குறைச்சல் இல்ல. 2022 மே மாசம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர்ல பிரியாணித் திருவிழா அறிவிச்சப்ப பீஃபை மட்டும் விட்டுட்டாங்க. பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. கடைசியில மழையைக் காரணம் சொல்லித் தள்ளி வெச்சாங்க. சாப்பிடறதும் சாப்பிடாததும் அவங்கவங்க இஷ்டம். ஆனா ஊர் பேரைச் சொல்லி விழா எடுத்துட்டு, ஊர்ல பாதிப்பேர் தட்டை மறைச்சா அது எப்படிங்க ஊர் சாப்பாடாகும்?

இதே கதைதான் மலை மேலயும். ஜவ்வாது மலையில விளையறது சாமை. அங்க இருக்கற மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையா சாப்பிட்டது சாமைச் சோறும் களியும். கீழ எந்த ஹோட்டல் மெனுவுலயும் அதை நான் பாத்ததில்ல.

அதனால மெனுவைப் பாத்து முடிச்சதும் சர்வர் அண்ணன்கிட்ட ஒண்ணு கேளுங்க: "நீங்க என்னண்ணே சாப்பிடுவீங்க?" அவர் சொல்றதை ஆர்டர் பண்ணுங்க.

கத்திரிக்காயை மட்டும் ஒதுக்காதீங்க மக்களே!