துணிக் கூரையா, கெட்டிக் கூரையா?



போன மாதம் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்பில் பெரிய சண்டை. சண்டைக்குக் காரணம் ஒரு நோட்டு. ஒரு பையன் அது நிறைய கார் படமாக ஒட்டி எடுத்து வந்திருந்தான். எல்லாம் கூரையைத் திறந்து மூடும் ஸ்போர்ட்ஸ் கார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கூரை துணி. அதற்கு சாஃப்ட் டாப் என்று பெயர். இன்னொன்றில் கூரை தகடு. பட்டனை அமுக்கினால் இரண்டு மூன்று துண்டாக மடிந்து டிக்கிக்குள் போய் உட்கார்ந்து கொள்ளும். அது ஹார்ட் டாப்.

"கெட்டிக் கூரைதான் ஒசத்தி. துணின்னா அது ஆட்டோ! அவ்வளவு காசு குடுத்து வாங்குற காருக்கு எவனாவது துணி போடுவானா?" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் ஏன் சிரித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அன்று சாயங்காலம் சிரித்தது நெஞ்சிலேயே நின்றது. அடுத்த வாரம் அறிவியல் டீச்சரிடம் கேட்டு, ஹைடெக் லேபில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

கெட்டிக் கூரையை மடித்து உள்ளே வைக்கலாம் என்று வழி கண்டவர்களில் முக்கியமானவர் பிரான்ஸ் நாட்டின் ஜார்ஜ் பாலன். அவர் தொழில் என்ன தெரியுமா? பல் டாக்டர்! அவருடைய யோசனையில் 1934-ல் பெஜோ கம்பெனி 401 எக்லிப்ஸ் என்ற காரை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் அவர் நாட்டுக்காக ரகசியமாகப் போராடினார். 1942-ல் ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இதைப் படித்தபோது காரையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

பிறகு அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1957-ல் ஸ்கைலைனர் என்ற காரைக் கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய கூரை டிக்கிக்குள் போனால் பெட்டி படுக்கை எங்கே வைப்பது? 1959-லேயே நிறுத்திவிட்டார்கள். 1996-ல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. வந்தது. சுமார் 25 வினாடியில் கூரை மடிந்தது. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் கெட்டிக் கூரைக்கு மாறின.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. பி.எம்.டபிள்யூ. இசட்-4 கார் முதலில் துணிக் கூரையோடு வந்தது. 2009-ல் கெட்டிக் கூரைக்கு மாறியது. 2018-ல் மறுபடியும் துணிக்கே திரும்பிவிட்டது! மெர்சிடிஸ் எஸ்.எல். காரும் 2001-ல் கெட்டிக் கூரைக்குப் போய், 2021-ல் துணிக்குத் திரும்பியது. அதில் மட்டும் 21 கிலோ எடை குறைந்தது.

ஏன் திரும்பினார்கள்? தலையில் குடத்தை வைத்துக்கொண்டு வேகமாகத் திரும்பிப் பாருங்கள், உடம்பு ஆடும். அதே குடம் இடுப்பில் இருந்தால் அவ்வளவு ஆடாது. காரும் அப்படித்தான். உச்சியில் எடை குறைந்தால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும், வளைவில் கார் நிலையாகப் போகும். இடமும் மிச்சம். கெட்டிக் கூரை இசட்-4 காரில் டிக்கி 310 லிட்டர். கூரையை மடித்து வைத்தால் 180 லிட்டர்தான். 2018-ல் வந்த துணிக் கூரைக் காரில் திறந்தாலும் மூடினாலும் 281 லிட்டர். கூரை திறக்கக் கெட்டியில் 20 வினாடி, துணியில் 10 வினாடி.

கெட்டிக் கூரையிலும் நல்லது உண்டு. திருடன் கத்தியால் கிழிக்க முடியாது. மூடிவிட்டால் சாதாரண கார் மாதிரி இருக்கும், வெளிச்சத்தம் குறையும். அதனால்தான் ஜப்பானின் மஸ்டா எம்.எக்ஸ்-5 கார் இரண்டு விதமாகவும் வந்தது. துணிக் கூரையை சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம். மோட்டாரே வேண்டாம்.

இதையெல்லாம் நோட்டில் எழுதி, படம் வரைந்து ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அப்படிப்பட்ட காரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பின்னாடி கண்ணாடி எதுல வச்சிருக்கான் பாப்பா?"

"முன்னாடியெல்லாம் பிளாஸ்டிக். இப்ப நெசக் கண்ணாடி."

"அதானே பார்த்தேன். பிளாஸ்டிக்குன்னா வெயில்ல மஞ்சளாயிரும், அப்புறம் மடிச்ச எடத்துல வெடிக்கும்."

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. 1989-ல் வந்த முதல் எம்.எக்ஸ்-5 காரில் பிளாஸ்டிக்தான். 1998-ல் கண்ணாடிக்கு மாற்றினார்கள். நான் லேபில் படித்துத் தெரிந்துகொண்டதை இவர் படிக்காமலே சொல்கிறார்!

"எந்தத் துணியும் மடிப்புலதான் கிழியும். அந்த எடத்த நெனச்சுத்தான் தைக்கணும். தகடா இருந்தாலும் மடிப்பு மடிப்புதான். அங்க கீலு இருக்கும், ரப்பர் இருக்கும். ரப்பர் போச்சுன்னா தண்ணி எறங்கும். ஒசத்தி, மட்டம்னு கூரையில ஒண்ணும் இல்ல. மழைக்கு ஒழுகாம இருந்தா நல்ல கூரை."

சொல்லிவிட்டு கோணி ஊசியில் நூல் கோர்த்து வேலையைத் தொடர்ந்தார். மடியில் ஒரு ஆட்டோவின் டாப் கிடந்தது.

அவர் என் அப்பா.

ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அப்பா தொழில் என்ன என்று கேட்டார்கள். நான் "டெய்லர்" என்று மட்டும் சொன்னேன். சட்டை தைப்பவர் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. சந்தைப்பேட்டை வேப்பமரத்தடியில் குஷன் கடை போட்டு, ஆட்டோவுக்கு ரெக்சின் டாப்பும் சீட்டும் தைப்பவர் அவர். விரல் நுனி எல்லாம் ஊசி குத்திக் காய்த்துப் போயிருக்கும். சாயங்காலம் அந்தப் பக்கம் தோழிகளோடு போகும்போது நான் ரோட்டின் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறேன். அப்பா பார்த்திருப்பார். ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று வகுப்பில் சிரிக்காமல் இருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்துதான் சிரித்தேன்.

எந்தக் கூரை சிறந்தது என்று கேட்டால், ஓட்டுவதற்குத் துணி, பாதுகாப்புக்குக் கெட்டி என்பேன். அவரவர் தேவைதான் முடிவு. ஆனால் "துணின்னா ஆட்டோ" என்று சொன்ன தோழனுக்கு ஒரு வார்த்தை. ஆமாம், ஆட்டோதான். அந்த ஆட்டோவில் மழை நாளில் நனையாமல் நீ பள்ளிக்கு வந்திருந்தால், அந்த டாப்பை எங்கப்பா தைத்திருக்கலாம்.

நேற்று சாயங்காலம் நான் ரோட்டின் இந்தப் பக்கமாகத்தான் நடந்தேன். கூட வந்த தோழிகளும் கடையில் நின்றார்கள். அப்பா எங்கள் நாலு பேருக்கும் டீ சொன்னார்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி